கேம்ப்புக்கு ஒரு ஆள்

அந்தக் குடும்பத்தில் சுற்றுலா என்றால் முதல் வேலை டிக்கெட் எடுப்பது அல்ல, கேம்ப் போடுவது. கோட்டையோ அரண்மனையோ, ஏதோ ஒரு ராஜா குளித்த குளமோ, எங்கே போய் இறங்கினாலும் வீட்டுத் தலைவர் இடுப்பில் கைவைத்து நாலாபக்கமும் ஒரு பார்வை பார்ப்பார். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, பெஞ்சு உடையாமல் இருக்கிறதா, கழிப்பறை எவ்வளவு தூரம் என்றெல்லாம் யோசித்துவிட்டு, "இங்க போட்டுடலாம் கேம்ப்பை" என்று விரலை நீட்டுவார். பைகள் அங்கே வந்து குவியும். பைகளோடு அண்ணியும் வந்து உட்காருவாள். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு உள்ளே போவார்கள்.

அண்ணி என்பது கொழுந்தன் கூப்பிட்ட முறை. அவன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பால் போடுகிறவரில் இருந்து எதிர்வீட்டுக் குழந்தை வரை எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கட்டின புருஷனே, "எங்கடா உங்க அண்ணி?" என்றுதான் தேடுவார். அவளுக்கென்று வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் புழங்க ஆள்தான் இல்லை.

புருஷனை வீட்டில் கேப்டன் என்பார்கள். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளட்சை விடு, பிரேக்கைப் போடு" என்று அதட்டிப் பிழைக்கும் மனிதர். வண்டியை ஓட்டுவது வேறு யாரோ, பிரேக் மட்டும் இவர் காலடியில் ஒன்று கூடுதலாக இருக்கும். குடும்பத்தையும் அப்படித்தான் நடத்தினார். எந்த வருஷம் எந்தக் கோட்டை, எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் ஜன்னலோரம் எல்லாம் அவர் முடிவு. விடியுமுன் எழுந்து சமைத்து, டப்பாவில் அடைத்து, பைகளில் அடுக்கி, அவற்றைத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றுவது மட்டும் அண்ணியின் பாடு.

முதல் வருஷம் அவள் வயிற்றில் மகள் இருந்தாள். "படி ஏற வேண்டாம், கேம்ப்ல இரு" என்றார்கள். நியாயம்தான். அடுத்த வருஷம் மகள் மடியில் தூங்கினாள். அதற்கடுத்து மாமியாரால் நடக்க முடியவில்லை, துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. மாமியார் போய்ச் சேர்ந்தபிறகு காரணமே தேவைப்படவில்லை. பைகள் இருந்தன, அண்ணி இருந்தாள், பெஞ்சு இருந்தது. இப்படியாக எந்த ஊர்க் கோட்டையானாலும் அதன் வெளிச்சுவர் அவளுக்கு அத்துப்படி. உள்ளே ராஜா தங்கக் கட்டிலில் படுத்தாரா தரையில் பாய் போட்டுப் படுத்தாரா என்று கேட்டால் தெரியாது. திரும்பி வருகிறவர்களிடம் கேட்டுப் பார்ப்பாள். "பசிக்குது, முதல்ல டப்பாவைத் திற" என்பார்கள்.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அவர்கள் ஒருநாள் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அண்ணி ஓர் ஆயத்த ஆடை கம்பெனியில் இஸ்திரி போடும் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் நின்றால் சாயங்காலம் சங்கு ஊதும் வரை நிற்க வேண்டும். நீராவி இஸ்திரியில் முதலில் காலர், அப்புறம் தோள்பட்டை, அப்புறம் கை, கடைசியில் உடம்பு. ஒரு சட்டை மடங்கிப் போவதற்குள் அடுத்தது வந்து விழும். அவள் மேஜைக்கு நேரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைகள், அவற்றுக்கும் அப்பால் குன்று, குன்றின்மேல் பழைய கோட்டை, கோட்டையின் மூலையில் ஒரு காவல் கோபுரம். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் இத்தனை காலமும் காலர் தேய்த்தாள். அங்கிருந்து பார்த்தால் இந்த ஜன்னல் தெரியுமா என்று ஒரு கேள்வி அவளுக்கு எப்போதும் உண்டு. வேறு பெரிய ஆசை எதுவும் அவளிடம் இல்லை.

நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் ஆபரேஷன் என்றார்.

"அப்புறம் நல்லா நடப்பீங்க. ஆனா செங்குத்துப் படியெல்லாம் மறந்துடுங்க. ஆயுசுக்கும் வேணாம்."

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஏறலாமா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். "ஏறினா வலிக்கும். செத்துப்போக மாட்டீங்க."

அதே வாரம் பேப்பரில் செய்தி வந்தது. கோபுரத்தைச் செப்பனிட்டுத் திறந்துவிட்டார்களாம். அண்ணி ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லார் முன்னாலும் சொன்னாள். "இந்த வருஷம் அங்கயே போவோம். நான் மேல ஏறணும். இதான் எனக்குக் கடைசி."

"ஏறேன், யார் வேணாம்னது?" என்றார் கேப்டன், தட்டில் இருந்து தலையைத் தூக்காமல்.

இதை அவள் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டாள். அங்கேதான் ஏமாந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணி, கேப்டன், கல்லூரியில் படிக்கும் மகள், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டியான ஓரகத்தி என்று ஐந்து பேரும் குன்றின்மேல் போய் இறங்கினார்கள். உள்வாசலில் ஒரு பலகை. பைகளுக்கு அனுமதி இல்லை. பக்கத்திலேயே பைகளை வைக்கும் அறை, அதன் கதவில் ஒரு பூட்டு, பூட்டுக்கு மேலே "பழுது" என்று ஒரு காகிதம். கேப்டன் இடுப்பில் கைவைத்தார். உள்வாசலுக்கு எதிரே மரத்தடி பெஞ்சைக் காட்டினார். பைகள் வந்து குவிந்தன. அவர் டிக்கெட் வாங்கப் போனார். சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

நாலு டிக்கெட்.

"என்னங்க, நாலுதான் இருக்கு?"

"ஆமா. நான், தம்பி, அவன் வீட்டுக்காரி, பாப்பா."

"நான்?"

"நீ எதுக்கு? முட்டியை வெச்சுக்கிட்டு? நடுப்படியில உக்காந்துட்டா உன்னை யாரு தூக்கறது?"

"ஏறுன்னு சொன்னீங்க. எல்லாரும்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

"சொன்னேன். ரூம் பூட்டிக் கிடக்கும்னு எனக்கு ஜோசியமா தெரியும்? கேம்ப்புக்கு ஒரு ஆள் வேணும்ல?"

"நான் வேணா இருக்கட்டுமாக்கா?" என்றாள் ஓரகத்தி. கேட்கும்போதே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்வாசலைப் பார்த்து ரெண்டு எட்டு எடுத்து வைத்துவிட்டாள். வாய் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

"அண்ணி இருந்தாத்தான் நமக்கு நிம்மதி. அவங்க மாதிரி யாரால பாத்துக்க முடியும்?" என்றான் கொழுந்தன். பாராட்டாம்.

மகள் வந்து தோளைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, ஒவ்வொரு படியா வீடியோ எடுத்துட்டு வந்து காட்டறேன். நீயே ஏறின மாதிரி இருக்கும்மா."

மற்றவர்கள் சொன்னது காதோடு போயிற்று. இது நெஞ்சில் போய்க் குத்தியது. அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னாள், அதனால்தான் குத்தியது.

நால்வரும் உள்ளே போய்விட்டார்கள். கேப்டன் வாசலில் நின்று திரும்பி, விரலை ஆட்டி, "எங்கயும் நகராத!" என்று கத்திவிட்டுப் போனார். சுற்றியிருந்தவர்கள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணி உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. முட்டி நன்றாக இருந்த காலம் முழுக்கப் பையைக் காட்டி உட்கார வைத்தார்கள். இப்போது முட்டியையும் காட்டுகிறார்கள், பையையும் காட்டுகிறார்கள். அடுத்த மாதம் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரையும் சேர்த்துக் காட்டுவார்கள். கம்பெனியில் யார் வீட்டுச் சட்டைக்கோ நின்று நின்று தேய்ந்த முட்டி இது. அந்தச் சம்பளத்தில்தான் டிரைவிங் ஸ்கூலின் இரண்டாவது கார் வந்தது. அந்தக் காரில்தான் இன்றைக்கு இவர்கள் ஜன்னலோரம் பிடித்து வந்து இறங்கினார்கள். ஒரு டிக்கெட். ஒரே ஒரு டிக்கெட் கூடுதலாக வாங்க மனசு வரவில்லை. மறந்துபோய் விட்டிருந்தாலாவது போகிறதென்று விடலாம். எண்ணித்தான் வாங்கியிருக்கிறார். கவுண்டரில் நின்று தலைக்கு ஒன்றாக எண்ணும்போது அவள் தலை கணக்கில் வரவே இல்லை.

பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மாள் குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் இந்தப் பைகளைப் பாத்துக்கறீங்களா?"

"நாங்க கிளம்பிட்டோமேம்மா" என்றாள் அந்த அம்மாள். சொன்னபடியே கிளம்பியும் போனாள்.

அண்ணி பைகளைப் பார்த்தாள். பெரிய கட்டம் போட்ட பை, ஜிப் வைத்த பை, தண்ணீர் ஜாடி, இன்னும் என்னென்னவோ. எல்லாம் கொழுத்துப்போய் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. அவளைவிடச் சொகுசாக உட்கார்ந்திருந்தன.

"கிடந்தா கிடங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். தன் கைப்பையில் இருந்த பணத்தை மட்டும் உருவி மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். கைப்பையையும் மற்றப் பைகளோடு வீசிவிட்டு எழுந்து நடந்தாள்.

கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார். "எத்தனை பேர்?"

"ஒருத்தி."

இப்போது அவர் தலையைத் தூக்கினார். "தனியா வந்தீங்களா?"

"ஆமா" என்றாள் அண்ணி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

கோபுரத்துக்குள் படிகள் சுற்றிச் சுற்றி மேலே போயின. ஒரு ஆள் ஏறினால் இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும், அவ்வளவு குறுகல். ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்து வழவழவென்று இருந்தது. இடையிடையே சுவரில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மாடம் மாதிரி குடைந்திருந்தார்கள். அந்தக் காலத்துக் காவல்காரர்கள் நின்ற இடமாம். நல்ல காலை முதலில் வை, கெட்ட காலை அப்புறம் கொண்டுவந்து சேர் என்று பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். அண்ணி அப்படியே செய்தாள். கை சுவரைப் பிடித்துக்கொண்டது. வலி முட்டியில் ஆரம்பித்து இடுப்புக்கு ஏறியது. ஏறட்டும். அவளும்தான் ஏறிக்கொண்டிருக்கிறாள்.

பாதி தாண்டியிருப்பாள், வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது.

"கவனிக்கவும். உள்வாசல் எதிரில் உரியவர் யாரும் இன்றிச் சில பைகள் கிடக்கின்றன. அவற்றில் கட்டம் போட்ட பெரிய பை ஒன்று உள்ளது. பைக்குள்ளிருந்து விட்டு விட்டு ஒரு சத்தம் வந்துகொண்டிருக்கிறது. உரியவர் உடனே வரவும்."

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தம் என்ன என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கேப்டனின் மாத்திரை மணி. ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும் என்று அவள்தான் அந்தக் குட்டி மணியை வாங்கினாள். யாராவது அமுக்கும்வரை விடாமல் கீச்கீச்சென்று அடிக்கும். வீட்டில் அது ரெண்டாவது தடவை கத்துவதற்குள் அவள் கை போய் அமுக்கிவிடும். மாத்திரையும் தண்ணீரும் கேப்டனின் கைக்குப் போய்விடும். அப்படி ஒரு மணி இருப்பதே வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

ஒலிபெருக்கி மறுபடி பேசியது. இந்தத் தடவை குரலில் அவசரம். "பார்வையாளர்கள் அனைவரும் அமைதியாக வெளியேறவும். கோபுரத்தில் இருப்பவர்கள் உடனே இறங்கவும்."

தலைக்குமேல் தடதடவென்று காலடிச் சத்தம். மேலிருந்து ஒரு காவலாளி முதல் ஆளாக இறங்கி வந்தார்.

"ஐயா, அது மாத்திரை மணிங்க. ஒண்ணும் ஆபத்தில்ல. அந்தப் பை..."

"அப்புறம் பேசிக்கலாம்மா, முதல்ல இறங்குங்க" என்று அவர் கத்திக்கொண்டே கீழே போய்விட்டார். பின்னாலேயே கூட்டம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர், கையைப் பிடித்துக்கொண்டு வயதான தம்பதி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெண். அந்தக் குழந்தை அழுததைப் பார்த்ததும் அண்ணிக்குச் சங்கடமாகிவிட்டது. தன் வீட்டுச் சண்டைக்கு ஊரார் குழந்தை அழ வேண்டுமா? இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்த நெரிசலில் இந்தக் காலை வைத்துக்கொண்டு இறங்கினால் உருட்டிவிடுவார்கள். கூட்டம் போகட்டும் என்று பக்கத்திலிருந்த இருட்டு மாடத்துக்குள் ஒதுங்கிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

அப்போதுதான் தெரிந்த குரல்கள் வந்தன.

"கட்டம் போட்ட பைன்னாங்களே, நம்ம பையும் அப்படித்தானே இருக்கும்?" ஓரகத்தியின் குரல்.

"நம்ம பை கட்டமா, கோடா? நான் எங்க பாத்தேன்?" கொழுந்தன்.

"எதுவா இருந்தா என்னடா?" இது கேப்டன். "நம்ம பைகிட்டதான் ஆள் இருக்கே. இது எவளோ கூறுகெட்டவ போட்டுட்டுப் போயிருக்கா. இவங்களையெல்லாம் பிடிச்சு உள்ள போடணும்."

"அம்மா பயந்துடுவாங்கப்பா. வேகமா போலாம்."

"உங்கம்மாவா? நகரமாட்டா. வெச்ச இடத்துல இருப்பா."

அண்ணி வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். வெச்ச இடத்துல. கேப்டன் அவளைத் தாண்டிப் போனார். குறுகலான படி, அவர் முழங்கை அவள் தோளில் இடித்தது. "சாரிங்க" என்றார், முகத்தைப் பார்க்காமல். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் சாரி அது. அதுவும் யாரோ என்று நினைத்துச் சொன்னது.

அவர்கள் போய்விட்டார்கள். மணி அடிப்பது அவருக்காக. பை அவருடையது. ஊரையே கலைக்கிற அந்தச் சத்தம் அவர் உயிரைக் காப்பாற்ற அவள் வாங்கி வைத்த சத்தம். அது அவர் காதில் விழவில்லை. பை கண்ணில் படவில்லை. மோதிக்கொண்டு போன பெண்டாட்டியும் கண்ணில் படவில்லை. ஒரு மனுஷிக்கு இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

கூட்டம் தீர்ந்தது. படி காலியாகக் கிடந்தது. கீழே இறங்கும் வழியும் காலி, மேலே ஏறும் வழியும் காலி.

"போங்கடா" என்றாள் அண்ணி. அவள் வாழ்க்கையில் யாரையும் "டா" போட்டதில்லை. நல்ல காலைத் தூக்கி மேல்படியில் வைத்தாள்.

கடைசிப் படிகளைக் கையும் ஊன்றித்தான் ஏறினாள். உச்சிக்கு வந்து நிமிர்ந்தபோது காற்று முகத்தில் அறைந்தது. யாரும் இல்லை. சற்று முன்புவரை கூட்டம் நெரிந்த இடம், இப்போது மொத்தமும் அவள் ஒருத்திக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிவந்தாள். தகரக் கூரைகளைத் தேடினாள். கம்பெனியை உடனே கண்டுபிடித்துவிட்டாள், கூரையில் வரிசையாகச் சுழலும் காற்றாடிகளை வைத்து. ஜன்னல் தெரியவில்லை. இவ்வளவு தூரத்தில் அது எங்கே தெரியப்போகிறது? ஆனால் எந்த இடத்தில் இருக்கும் என்று தெரிந்தது. மூன்றாவது காற்றாடிக்குக் கீழே. அங்கே ஒருத்தி நின்று காலர் தேய்த்துத் தேய்த்துக் கெட்டாள் என்று நினைத்தாள். யாரோ ஒருத்தியைப் பற்றி நினைப்பதுபோல இருந்தது. அந்த ஒருத்திக்காக அண்ணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகை வரவில்லை. இங்கே அழுதால் பார்க்க ஆளில்லை, அதனால் தாராளமாக அழலாம். ஆனாலும் வரவில்லை.

கீழே எட்டிப் பார்த்தாள். பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப்பக்கம் கூட்டம். கேப்டன் முதல் வரிசைக்கு வந்து சேர்ந்தார், கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே. திடீரென்று அந்தக் கை நின்றது. பெஞ்சைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். தான் கையைக் காட்டிப் போட்ட கேம்ப் என்று இப்போதுதான் உறைத்திருக்கிறது. அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கயிற்றைத் தூக்கிக்கொண்டு போவார், எங்க பைதான் என்பார் என்று எதிர்பார்த்தாள்.

அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். அப்புறம் இன்னொரு அடி. தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நழுவினார்.

கேப்டனாம். எந்தக் கப்பலுக்கோ.

மகள் மட்டும் கயிற்றோரமாக ஓடிக்கொண்டிருந்தாள். காவலாளிகள் ஒவ்வொருவரிடமும் போய் எதையோ கேட்பதும் கையை விரித்து உயரம் காட்டுவதுமாக ஓடினாள். அம்மாவைத் தேடுகிறாள். அதைப் பார்த்ததும் அண்ணி மேலே நிற்கவில்லை. இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். சில படிகளில் உட்கார்ந்தே இறங்கினாள்.

கோபுர வாசலில் அவளைப் பார்த்ததும் காவலாளி வாயைப் பிளந்தார். "நீங்க எப்படிம்மா உள்ள இருந்தீங்க?" அவள் பதில் சொல்வதற்குள் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர். "எங்கம்மா போன? எங்க போன?"

"மேல. நடந்து போயி நானே பாத்தேன்" என்றாள் அண்ணி.

அவளைக் கண்டதும் கேப்டன் கூட்டத்தின் பின்னாலிருந்து விறுவிறுவென்று வந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை. நாலு பேர் காதில் விழுந்துவிடுமே.

"அறிவிருக்கா உனக்கு? என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? அந்தப் போலீஸ் ஆபீசர் குண்டா இருக்கும்னு பையைத் தண்ணி பீய்ச்சி உடைக்கணுங்கறான். போ. போயி உன் பைன்னு சொல்லு. மன்னிப்புக் கேட்டு வாங்கிட்டு வா."

"நீங்க ஏன் சொல்லல?"

"நானா விட்டுட்டுப் போனேன்? நீதானே? எல்லாரும் வாயில வந்தபடி திட்டிட்டு இருக்காங்க. நீ போனா ஏதோ பொம்பளை தெரியாம பண்ணிட்டான்னு விட்டுடுவாங்க. போ."

கொழுந்தன் தரையைப் பார்த்தான். ஓரகத்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கூட்டத்தில் குழந்தையைத் தோளில் போட்டிருந்தவர், "எவன்யா அவன், வீட்டுல சோறு போட்டு வளர்த்தாங்களா" என்று பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி நொண்டிக்கொண்டே நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. அதிகாரி கயிற்றோரம் நின்றிருந்தார். பெஞ்சில் இருந்து கீச்கீச் என்று வந்தது.

"உங்க பையாம்மா?"

"என்னுது இல்லைங்க" என்றாள் அண்ணி. எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள். "ஆனா யாரும் பயப்பட வேணாம். உள்ள அடிக்கறது மாத்திரைக்கு வெச்ச மணி. பை, மணி, மாத்திரை எல்லாம் அதோ நிக்கறாரே, அவரோடது. என் வீட்டுக்காரர். நான் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான். இந்தக் குழந்தைங்க பயந்ததுக்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கூட்டம் மொத்தமும் திரும்பிக் கேப்டனைப் பார்த்தது. அதிகாரி விரலை நீட்டி மடக்கினார். "சார். இங்க வாங்க."

கேப்டன் வந்தார். வராமல் இருக்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டி பெஞ்சு வரைக்கும் தனியாக நடக்க வேண்டியிருந்தது. எந்தப் பையில் இருந்து சத்தம் வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் காதை வைத்துப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் கட்டம் போட்ட பையில் கையைவிட்டு மணியை எடுத்தார். எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார், உலுக்கினார். அது விடாமல் அடித்தது. அதிகாரியே வாங்கி அமுக்கினார். அப்புறம் பையில் இருந்து மாத்திரை டப்பாவை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"உங்களுக்குத்தானே சார்? போட்டுக்கங்க. வேர்க்குது பாருங்க."

டப்பாவுக்குள் மூன்று விதமான அட்டைகள் இருந்தன. கேப்டன் ஒன்றை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். இப்போது நிஜமாகவே தலை சுற்றுவதுபோல இருந்திருக்க வேண்டும், பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கயிற்றுக்கு அப்பால் மகளின் தோளைப் பிடித்து நின்றிருந்த அண்ணியைப் பார்த்தார்.

"இதுல எது?"

இத்தனை வருஷமாகத் தினமும் வாயில் போட்டு முழுங்கிய மாத்திரை. அதன் நிறம்கூட அவருக்குத் தெரியவில்லை. அண்ணியின் வாய் பழக்கத்தில் திறந்தது. நிறம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"அட்டையிலயே எழுதி ஒட்டியிருக்கேன். படிச்சுப் பாத்து எடுத்துக்கங்க."

கேப்டன் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். எழுத்து தெரியவில்லை. சட்டைப்பையைத் தடவினார். ஏதும் இல்லை. சுற்றியிருந்த பைகளைப் பார்த்தார்.

"என் கண்ணாடி எந்தப் பையில இருக்கு?"

"தேடுங்க" என்றாள் அண்ணி.

மகள் கயிற்றைத் தூக்கப் போனாள். அண்ணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கேப்டன் பெஞ்சுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதல் பையின் ஜிப்பைத் திறந்தார்.